படிக்காமல் விட்ட பத்திகள்

ஹஸ்கின் துறை, ஒரிகன்
6 மார்ச் 2011

அன்புள்ள வெர்லா அக்காவுக்கு,

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? கத்தி வைக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் தள்ளிப்போடாதே. வலியைத் தாங்கிக்கொண்டதற்காக யாரும் உனக்குப் பதக்கம் தரப்போவதில்லை. இங்கே நானும் உன் மகள் ஜனெலும் சௌக்கியம்.

பிப்ரவரி முழுக்கப் புயல். நாலே நாலு நாள்தான் தூண்டில் போட வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு படகு போனது. போன நாளில் மீனுக்குக் குறைவில்லை. நூற்றிருபது அடி ஆழத்தில் ஈயக்குண்டு தரையைத் தொட்டதுமே தூண்டில் வளைகிறது. போர்ட்லாண்டிலிருந்து எட்டுப் பல் டாக்டர்கள் வந்தார்கள். ஒருவர் தான் இழுத்த லிங்கோடு மீனின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜனெல் சும்மா இருப்பாளா? "டாக்டர், அதுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது, விட்டுடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்ததில் இரண்டு பேர் வாந்தியை மறந்தே விட்டார்கள்.

படகின் அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. இந்த வருடமாவது பெயரை மாற்றுங்கள் என்கிறாள் உன் மகள். நோரீன் என்னை விட்டுப் போய்ப் பதினோரு வருடம் ஆயிற்று, இன்னும் எதற்கு அவள் பெயரைப் படகில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். படகின் பெயரை மாற்றினால் கடலுக்குப் பிடிக்காது. பெண்டாட்டி போனால் போகட்டும், படகு இருக்க வேண்டும்.

குளிர்காலத்தில் முகத்துவாரம் கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. வடக்குக் கல்தடுப்பை ஒட்டி மணல் ஏறிவிட்டதாக ஜனெல் சொல்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி,
ஓரின்


பேக்கர் சிட்டி
21 மார்ச் 2011

ஓரின்,

உன் கடிதம் கிடைத்தது. அதைப் படித்து முடிக்க அரை மணி நேரம் பிடித்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியின் தலைமேலேயே அடுத்த வரியை எழுதி வைத்திருக்கிறாய். குடித்துவிட்டு எழுதினாயா? கண்ணாடியை எங்காவது வைத்துவிட்டுத் தேடாமல் எழுதினாயா? போனில் கேட்டால் நீ "ம்" கொட்டுவதோடு சரி. அதனால்தான் கடிதத்தில் கேட்கிறேன்.

என் இடுப்புக்கு ஜூன் கடைசியில் நாள் குறித்துவிட்டார்கள். அதுவரை கைத்தடியோடு கோழிகளைத் துரத்திக்கொண்டிருப்பேன்.

மணல் ஏறிவிட்டதாக ஜனெல் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். முப்பத்து நாலு வருடமாக அந்த முகத்துவாரத்தைத் தாண்டுகிறவன் நீ. உன் கண் என்ன சொல்கிறது?

பயப்பட ஒன்றுமில்லை என்று நீ எழுதினாலே பயப்பட ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கல்தடுப்புகளுக்கு நடுவே ஆறும் கடலும் முட்டிக்கொள்ளும் அந்த இடத்தை நினைத்தால், நானூறு மைல் தள்ளி வைக்கோல் வயலுக்கு நடுவே இருக்கும் எனக்குக் கைவேலை நின்றுவிடுகிறது. எனக்கு இருப்பது ஒரே மகள். முப்பத்தொரு வயதாகிறது, இனி என் பேச்சைக் கேட்கவா போகிறாள்? புயல் இல்லாவிட்டால் வாரத்தில் ஐந்து நாள் அவள் அந்த இடத்தைத் தாண்டுகிறாள். நீ இருக்கிறாய் என்ற ஒரே தைரியத்தில்தான் நான் இங்கே சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

கேட்டதற்குப் பதில் எழுது.
வெர்லா


ஹஸ்கின் துறை
19 ஏப்ரல் 2011

அன்புள்ள அக்கா,

டைப் அடித்த கடிதத்தைப் பார்த்து வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்துவிடாதே. விரல் மூட்டுகள் வீங்கிக்கிடக்கின்றன. குளிரில் கொக்கி கட்டிக் கட்டி வந்த வினை. இனிமேல் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் கடிதம். என் கையெழுத்தைத் திட்டும் வேலை உனக்கு மிச்சம்.

இடுப்புக்கு நாள் குறித்தது நல்லது. கோழிகளைத் துரத்தாதே, அவை உன்னைத் துரத்தட்டும்.

சீசன் சூடு பிடித்துவிட்டது. நேற்று கடலடியில் இருக்கும் கூம்புப் பாறைக்கு நேர் மேலே படகை நிறுத்தினோம். தெற்கிலிருந்து மெல்லிய காற்று. வழிகாட்டும் விசில் மிதவையின் ஊதல் வலது காதில் விழுந்தது. கடல்சிங்கங்களின் நாற்றம் இன்னும் வரவில்லை, அதனால் சரியான இடத்தில்தான் நிற்கிறோம் என்று தெரிந்தது. சட்டப்படி ஆளுக்கு ஏழு பாறைமீன், இரண்டு லிங்கோடு. கணக்கு முடிந்து பன்னிரண்டு மணிக்கே கரை திரும்பினோம்.

ஜனெலுக்குப் படகோட்டும் உரிமம் வாங்கும் எண்ணம் இருக்கிறது. ஆறு வருடம் என்னோடு கடலில் இருந்த நாள்களுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பழகட்டும் என்று இப்போது அவளைச் சுக்கான் சக்கரத்தின் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். மிதவை எந்தப் பக்கம், பின்னால் வரும் அலை எவ்வளவு தூரம் என்று அவள் சொல்லிக்கொண்டே வருகிறாள். வாடிக்கையாளர்களுக்கு அது ஒரு வேடிக்கை. "கேப்டன் தூங்கிடக் கூடாதுன்னு பேச்சுக் கொடுக்கறியாம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

நலமே இரு.
ஓரின்


பேக்கர் சிட்டி
3 மே 2011

ஓரின்,

தூண்டில் கடை வாண்டா போன் செய்தாள். ஊர் வம்பு பேசத்தான் கூப்பிட்டாள், ஆனால் அவள் சொன்னது உன்னைப் பற்றி.

போன வாரம் உன் படகின் மீன் பெட்டியில், பிடித்து வைத்துக்கொள்ளத் தடையுள்ள மஞ்சள்கண்ணன் மீன் ஒன்று இருந்ததாம். மீன்வளத்துறைக்காரர் படகுத்துறையிலேயே பிடித்து அபராதச் சீட்டு எழுதினாராம். வாடிக்கையாளர் கேட்டபோது, "இது சிவப்பன், தாராளமா வெச்சுக்கோ" என்று நீதான் சொன்னாயாம்.

மஞ்சள்கண்ணனை உனக்குத் தெரியாதா? மேலே வந்தால் உடனே எடைக்கூண்டில் போட்டுத் திரும்ப ஆழத்துக்கு இறக்கிவிட வேண்டிய மீன் அது. அதைப் பெட்டியில் போட்ட கேப்டன்களை நீ எவ்வளவு கேலி செய்திருக்கிறாய்? "நம்ம தாத்தா வயசு மீன் அது, மரியாதை குடு" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறவன் நீ. மஞ்சள்கண்ணன், சிவப்பன் இரண்டும் சிவப்புத்தான். ஆனால் கண்ணைப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும், எலுமிச்சை நிறத்தில் அப்படி ஒரு கண்.

ஒன்றன் மேல் ஒன்று ஏறிய உன் வரிகள், டைப் கடிதம், மிதவையின் ஊதல், கடல்சிங்கத்தின் நாற்றம் எல்லாவற்றையும் வைத்து யோசித்தேன். போன கடிதத்தில் நீ கேட்டதும் முகர்ந்ததும் இருக்கிறது. பார்த்தது ஒன்றுகூட இல்லை. நேராகக் கேட்கிறேன். உனக்குக் கண் தெரிகிறதா?

இன்னொன்று. இது உனக்கும் எனக்கும் மட்டும். ஜனெலை வேலையிலிருந்து அனுப்பிவிடு. இந்த வருடம் ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லை என்று சொல். நான் கேட்டேன் என்று அவளுக்குத் தெரியவே கூடாது. என் மேல் கோபப்பட்டு இன்னும் பிடிவாதமாக அங்கேயே நிற்பாள். அவள் உயிரோடு இருந்து என்னைத் திட்டட்டும், அது போதும் எனக்கு.

தோட்டத்தில் உருளைக்கிழங்கு போட்டாயிற்று. மே மாதத்தில் உறைபனி வராமல் இருக்க வேண்டும்.

வெர்லா


ஹஸ்கின் துறை
30 மே 2011

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. உருளைக்கிழங்குக்கு மேல் வைக்கோலைப் பரப்பி வை, உறைபனி ஒன்றும் செய்யாது.

வாண்டாவின் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை. அன்று ஒரே நேரத்தில் பதினான்கு தூண்டில்கள் மேலே வந்துகொண்டிருந்தன. இரண்டு தூண்டில் நூல்கள் பின்னிக்கொண்டன. அந்த அவசரத்தில் ஒரு மீனைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். அபராதத்தைக் கட்டியாயிற்று. இந்தத் துறையில் என்னைக் கேலி செய்யாத ஆளே இல்லை. ரேடியோவில் ஒருவன் "ஓரின், உன் பெட்டியில இருக்கிறது மீனா திமிங்கிலமா, பார்த்துச் சொல்லு" என்கிறான். கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இந்த மாதம் பதினெட்டு நாள் கடல். ஆழம் குறைந்த பாறைகளில் கறுப்புப் பாறைமீன் கூட்டம் கூட்டமாக நிற்கிறது. ஜனெல் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறாள். உப்புக்காற்றில் தலைமுடி கயிறாகிவிட்டது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடியட்டும். எனக்கும் அதே கவலைதான்.

ஓரின்


பேக்கர் சிட்டி
13 ஜூன் 2011

ஓரின்,

எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாயா? இரண்டே இரண்டு கேள்வி கேட்டேன். உருளைக்கிழங்கைப் பற்றி நான் கேட்கவே இல்லை, அதற்குப் பதில் வந்துவிட்டது. கண் தெரிகிறதா என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. ஜனெலை அனுப்பு என்றேன், ஒரு வார்த்தை இல்லை. மாட்டேன் என்றாவது எழுதியிருக்கலாம். சின்ன வயதிலிருந்து நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய். இப்படி வாயை மூடிக்கொள்கிறவன் என் தம்பி இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன். பாத்திரம் கழுவும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்டால் கையை எடுத்துவிடுகிறேன். டெலிபோன் மணி அடித்தால் மூன்று முறை அடிக்கவிட்டுத்தான் எடுக்கிறேன், எடுப்பதற்குள் கெட்ட செய்தி வேறு வீட்டுக்குப் போய்விடும் என்பதைப் போல.

உன் உரிமத்தைப் புதுப்பிக்க நவம்பரில் கண் பரிசோதனை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதுவரை ஓட்டிவிடலாம் என்று பார்க்கிறாயா? பதில் வரவில்லை என்றால் உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு நானே எழுதுவேன். வெர்லா எழுதமாட்டாள் என்று நினைத்துவிடாதே.

இருபத்தேழாம் தேதி எனக்கு அறுவை சிகிச்சை. அதற்கு முன் உன் பதில் வந்தால் நிம்மதியாக மயக்க மருந்து வாங்கிக்கொள்வேன்.

வெர்லா


ஹஸ்கின் துறை
24 ஜூலை 2011

அம்மா,

இடுப்பு வலி குறைந்ததா? நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று உன் பக்கத்து வீட்டு டோரிஸ் போனில் சொன்னாள். உன்னிடம் பேசத் தைரியமில்லாமல் அவளிடம்தான் தினமும் விசாரித்தேன்.

இந்தக் கடிதத்தை எழுதுவது நான்தான். இதற்கு முன் வந்த டைப் கடிதங்களையும் நான்தான் அடித்தேன், மாமா சொல்லச் சொல்ல. உன் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டுவதும் நான்தான். மாமா உன்னை ஏமாற்றவில்லை, அம்மா. கண் தெரிகிறதா என்று நீ கேட்டது அவருக்குத் தெரியாது. என்னை அனுப்பிவிடச் சொன்னதும் தெரியாது. அந்தப் பத்திகளை நான் படிக்காமல் தாண்டிவிட்டேன். ஜூன் மாதக் கடிதத்தை அவரிடம் காட்டவே இல்லை.

போன இலையுதிர்காலத்தில் அவர் கண் மங்கத் தொடங்கியது. நேரே பார்த்தால் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் நிற்கிறதாம். ஓரத்தில்தான் கொஞ்சம் தெரியும். நடக்கிறார், சமைக்கிறார், முடிச்சுப் போடுகிறார், யாருக்கும் சந்தேகம் வராது. எதிரில் நிற்கிற ஆளுக்கு முகம் இல்லை என்கிறார். இனி சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகை நிறுத்தினால் மாமா மிச்சமிருக்க மாட்டார் என்று நினைத்தேன். என் கண் நன்றாக இருக்கிறது, அதை அவருக்குக் கொடுத்தால் போகிறது என்றும் நினைத்தேன்.

இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. ஜூலை ஒன்பதாம் தேதி நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டு லிங்கோடு குறைந்தது. எல்லோருக்கும் கணக்கு நிறையாமல் மாமா திரும்பமாட்டார், உனக்கே தெரியும். அதற்காக இன்னும் ஒரு மணி நேரம் நின்றோம். முகத்துவாரத்துக்கு வந்தபோது, தண்ணீர் கடலுக்கு வடிகிற வற்றம் தொடங்கிவிட்டது. ஆறு வேகமாக வெளியே ஓட, உள்ளே வருகிற அலை அதன் மேல் மோதிச் செங்குத்தாக நின்றது. பெரிய அலைகள் மூன்று போகும்வரை வெளியே காத்திருந்தோம். நான் "இப்ப" என்றதும் ஓர் அலையின் முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தோம். முன்னால் போகிற அலையை முந்தவும் கூடாது, பின்னால் வருகிறது நம்மைப் பிடிக்கவும் கூடாது. நான் திரும்பிப் பின்னால் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் விசையைக் கூட்டியும் குறைத்தும் வந்தார்.

அப்போது ஒரு பெரியவர் வாந்தி எடுக்க எழுந்து தளத்தில் வழுக்கிவிட்டார். கம்பிக்கு அடியில் இடுப்புவரை போய்விட்டார். நான் ஓடிப்போய் அவருடைய பெல்ட்டைப் பிடித்தேன். பத்து வினாடி இருக்கும். அந்தப் பத்து வினாடி படகை ஓட்டியது யார் என்று எனக்குத் தெரியாது.

படகின் பின்பக்கம் தூக்கியது. மூக்கு வடக்கே திரும்பியது. கல்தடுப்பின் கறுப்புக் கற்கள், அதில் ஒட்டியிருக்கும் சிப்பி வரைக்கும் எனக்குத் தெரிந்தது, அவ்வளவு பக்கம். மாமா கத்தவில்லை. மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

"ஜனெல்? எங்கம்மா இருக்க? என்ன தெரியுது? சொல்லும்மா."

"தெக்க, மாமா. முழுசா தெக்க திருப்புங்க."

திருப்பினார். தப்பித்தோம். கரையில் மீனை வெட்டிக் கொடுத்துக்கொண்டே எல்லோரிடமும் வழக்கம்போல ஜோக் அடித்தார். அந்தப் பெரியவர் நன்றி சொல்லி என் கையைக் குலுக்கினார். நான் அவரைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மாமா கூப்பிட்ட அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை. அலுவலகத்துக்கு எழுதாதே, அம்மா. அவர் பெயர் கெட்டுப்போகும். என்ன செய்வது என்று எனக்குச் சொல்.

ஜனெல்


பேக்கர் சிட்டி
2 ஆகஸ்ட் 2011

ஜனெல்,

இதை மாமாவின் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படி. ஒரு வார்த்தையைக்கூட விழுங்காதே. முடித்ததும் தாளின் அடியில் அவன் தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும். அதை எனக்குத் திருப்பி அனுப்பு.

இனி ஓரினுக்கு.

உன் கண் போனது எனக்குத் தெரியும். உன் மருமகள் என் கடிதங்களில் பாதியை உன்னிடமிருந்து மறைத்தாள். அவளைத் திட்டாதே, உன்மேல் உள்ள பாசத்தில் செய்தாள். நீயும் என்னிடம் மறைத்தாய். ஆக, மூன்று பேரில் நான் ஒருத்திதான் கண்ணைத் திறந்துகொண்டு குருடியாக இருந்திருக்கிறேன்.

கண் போன செய்தி கேட்டு நான் அழுதேன். அதற்குப் பிறகு ஜூலை ஒன்பதாம் தேதியைப் பற்றிப் படித்தேன். பிறகு அழவில்லை, உன் மேல் வந்த கோபத்தில் பேனாவை எடுத்தேன். பன்னிரண்டு பேர் உன்னை நம்பி ஏறியவர்கள். உன் படகில் ஏறும்போது கேப்டனுக்குக் கண் தெரியுமா என்று யாராவது கேட்பார்களா? இரண்டு லிங்கோடுக்காக நின்றாயே, அந்த இரண்டு மீனை யார் தின்றார்கள்?

ஜனெல் உனக்குக் கண்ணாக இருக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளாதே. அவள் ஒருத்தி மீனைப் பார்ப்பாளா, வழுக்கி விழும் ஆளைப் பார்ப்பாளா, பின்னால் வரும் அலையைப் பார்ப்பாளா?

அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் தபால்தலை ஒட்டி என் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. இருபத்தைந்தாம் தேதிக்குள் நீயே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அதை அடுப்பில் போடுவேன். இல்லையென்றால் தபால்காரர் கையில் கொடுப்பேன். தம்பியைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊர் பேசட்டும்.

உன்னைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவள் கேட்கிறேன், ஓரின். இறங்கிவிடு.

அக்கா


ஹஸ்கின் துறை
21 ஆகஸ்ட் 2011

அம்மா,

நீ சொன்னபடியே படித்தேன். படகுத்துறையில் கட்டியிருந்த நோரீன் படகின் அறையில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல். நான் மறைத்த பத்திகளையும் முதலில் எடுத்துப் படித்தேன். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்ததும் தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு, "ஃபிரிட்ஜ் மேல வெச்சிருக்காளாமா? அவ ஃபிரிட்ஜ் மேல ஈரம் கசியும், ஸ்டாம்ப் வீணாகும்னு எழுது" என்றார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்து இதோடு இருக்கிறது. எந்த இடம் என்று நான் விரலை வைத்துக் காட்டினேன்.

மறுநாளே உரிமத்தை அனுப்பிவிட்டார். கடிதத்தை அடுப்பில் போடு.

இன்னொரு செய்தி. ஜூன் மாதமே நான் தேர்வில் தேறிவிட்டேன். உரிமம் என் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. செப்டம்பர் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, நோரீனை நான் எடுத்துப் போகிறேன். பத்துப் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். தளத்து வேலைக்கு வாண்டாவின் தம்பி வருகிறார், அனுபவமுள்ள ஆள்.

சக்கரத்தில் கண் தெரிகிற ஆள் இல்லை என்பதுதானே உன் கவலை? நான் இருக்கிறேன்.

உடற்பயிற்சியை விட்டுவிடாதே. படியில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்.
உன் மகள்,
ஜனெல்


பேக்கர் சிட்டி
27 ஆகஸ்ட் 2011

ஜனெல்,

வேண்டாம்.

அவன் இறங்க வேண்டும் என்றுதான் கேட்டேன். அவன் இடத்தில் நீ போய் நிற்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன்னை அங்கிருந்து கூட்டிவர வேண்டும் என்று மே மாதத்திலிருந்து எழுதினேன். எழுதி எழுதி உன்னை நானே சக்கரத்தின் முன்னால் கொண்டு நிறுத்தியிருக்கிறேன்.

போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. கடலுக்குப் போயிருக்கிறாயோ என்று நினைத்ததும் கீழே வைத்துவிட்டேன்.

முப்பத்தொரு வயது மகளுக்கு என்ன சொல்ல முடியும்? போவதென்றால் வற்றத்துக்கு முன்னால் திரும்பிவிடு. யாருக்கு மீன் குறைந்தாலும் சரி, திட்டினாலும் சரி. உள்ளே வந்ததும் எனக்குப் போன் செய். முதல் மணியிலேயே எடுப்பேன்.

அம்மா


ஹஸ்கின் துறை
5 செப்டம்பர் 2011

அன்புள்ள அக்கா,

இது என் கையெழுத்து. மீன் பெட்டியில் பெயர் எழுதும் தடித்த பேனாவால், ஒரு பக்கத்துக்கு ஏழு வரி. நீ திட்டினாலும் பரவாயில்லை. இதை ஜனெல் கையால் எழுத முடியாது.

சனிக்கிழமை அவள் போன் செய்தபோது எல்லாம் நன்றாக நடந்தது என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள். நடந்ததை நான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முழுவதும் படித்துக் காட்டினாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எஞ்சின் எண்ணெயைப் பார்க்கப் போய்விட்டாள். சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். போகும்போது, "ரேடியோல என்னைக் கூப்பிடாதீங்க மாமா, நான் கூப்பிடறேன்" என்றாள். நான் முகத்துவாரத்தை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தில் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பத்து நாலு வருடத்தில் அந்த முகத்துவாரத்தைக் கரையிலிருந்து நான் பார்த்ததே இல்லை, அக்கா. இப்போதும் பார்க்கவில்லை. கேட்டேன்.

இரண்டு மணிக்குத் திரும்பினாள். வற்றத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஒன்பது மீன் குறைந்ததாம், வந்தவர்கள் முணுமுணுத்தார்களாம். நானாக இருந்தால் நின்றிருப்பேன். ஆனால் மேற்கிலிருந்து அலை பெருத்துவிட்டது. தடுப்பில் அடிக்கிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. நோரீனின் எஞ்சின் எனக்கு என் இருமலைப் போலப் பழக்கம். அது வெளியே காத்து நின்றது கேட்டது. பிறகு விசை கூடியது. பிறகு ஓர் அலை விழுந்தது, எஞ்சின் சத்தமே இல்லை.

பக்கத்தில் ஒருவர் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நின்றார், ஊர் சுற்ற வந்தவர்.

"அந்தப் படகு ரொம்ப ஆடுதே" என்றார்.

"எந்தப் பக்கம் சாயுது? மூக்கு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? நுரையாத்தான் இருக்கு."

"படகு தெரியுதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"நீங்களே பாருங்களேன், அதோ" என்று கை நீட்டியிருப்பார் போலிருக்கிறது. அதற்குள் அவர் மனைவி குளிருகிறது என்று கூப்பிட்டாள். போய்விட்டார்.

நான் அந்தத் திசையில் பார்த்தேன். நடுவில் சாம்பல் வட்டம்தான் இருந்தது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பினேன். ஓரத்தில் வெள்ளையாக ஏதோ வந்தது, போனது. ரேடியோவைக் கையில் எடுத்தேன், அவள் சொன்னது நினைவு வந்து கீழே வைத்தேன். அவள் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பதுவரை எண்ணினேன். அதற்குப் பிறகுதான் எஞ்சின் சத்தம் வந்தது, ஆற்றுக்குள்ளிருந்து.

படகுத்துறையில் இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படற மாதிரி ஒண்ணுமே இல்ல மாமா" என்றாள். என் விரல் வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்ததும் கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அவளைத் தடுக்க என்னால் முடியாது. நல்ல கேப்டன், என்னைவிட நல்ல கேப்டன். பத்தாம் தேதி மறுபடியும் போகிறாள்.

உன் இடுப்பு தாங்குமானால் பஸ் ஏறி வா, அக்கா. மாடி அறையை ஒழித்து வைக்கிறேன். இந்த இடத்தைப் பார்க்கவே உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வேலிக்குப் பக்கத்தில் வந்து நில். படகு தெரிகிறதா இல்லையா என்று எனக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

ஓரின்